ஆறாவது துண்டு

விமான நிலையத்து வாசலில் கண்டக்டர் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தபோதே சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பா, இது ஏர்போர்ட். பஸ் ஸ்டாண்ட் இல்ல. அங்க ஒருத்தர் துப்பாக்கியோட நிக்கிறாரு பாருங்க."

"நிக்கட்டும். நான் என்ன அவரையா எண்ணப் போறேன்?" என்றார் கண்டக்டர். நீளமாக ஒரு விசில் கொடுத்தார்.

"ஒண்ணு" என்றார் அவரே.

"ரெண்டு" என்றாள் அவர் மனைவி டெய்லரம்மா, பெட்டியின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டே.

ஒரு மூச்சு இடைவெளி.

"நாலு." சின்னவள் பல்லைக் கடித்தபடி சொன்னாள்.

"அஞ்சு" என்றான் மாப்பிள்ளை.

"ஆறு!" என்று கத்தியது வாண்டு. பேத்தி, ஏழு வயது. அதன் குரலுக்குத் துப்பாக்கிக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ரைட்" என்றார் கண்டக்டர். குடும்பம் நகர்ந்தது.

முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் ஆள் எண்ணியவர் அவர். ஒரு பயணியைக்கூட வழியில் விட்டுவிட்டு வந்ததில்லை என்று ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டுச் சொன்னார்கள். அது உண்மைதான். அவர் விட்டுவிட்டு வந்தது ஒரே ஒரு ஆளைத்தான். அது அவருடைய மூத்த மகள். அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது ஒரு பொருட்காட்சியில், கூட வந்த சொந்தக்காரர்களையெல்லாம் பொறுப்பாக எண்ணி வேனில் ஏற்றிவிட்டு, பெற்ற பிள்ளையை ராட்டினத்துக்கு அடியில் நிற்க வைத்துவிட்டு வந்தார். பாதி வழியில் டெய்லரம்மாதான் கண்டுபிடித்தாள். "ஊரு தலையெல்லாம் எண்ணுன மனுஷன்" என்று இன்றைக்கும் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஆரம்பிப்பாள்.

அன்றிலிருந்துதான் நம்பர். குடும்பத்துக்குள் யார் எப்போது வந்தார்களோ அந்த வரிசை. கண்டக்டர் ஒன்று, மனைவி இரண்டு, பெரியவள் மூன்று, சின்னவள் நாலு. பெரியவளைக் கட்டிய மாப்பிள்ளைக்குக் கல்யாண மேடையிலேயே ஐந்து என்று சொல்லிவிட்டார்கள். வாண்டு பிறந்த ஆஸ்பத்திரியில், கையில் கட்டிய பட்டையில் எடை எழுதுவதற்கு முன்பே கண்டக்டர் "ஆறு" என்றார்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் மூன்று போய்விட்டாள். பத்து நாள் காய்ச்சல், அவ்வளவுதான். நம்பரை யாரும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் வாய் வரவில்லை.

வாண்டு தாத்தா வீட்டுக்குப் போனது. அப்போது அதுதான் நடக்கக்கூடிய காரியம். மாப்பிள்ளை படித்தது இன்ஜினியரிங். பார்ப்பது லிஃப்ட் சர்வீஸ். எந்தக் கட்டடத்தில் எவன் மாட்டிக்கொண்டாலும் இவனுக்குத்தான் போன் வரும். சோறு போட்டால் சாப்பிட்டான். பேசினால் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்ப் பிள்ளையைப் பார்த்தான். மற்ற ஆறு நாளும் என்ன செய்தான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

ஆனால் மூன்று மாதத்துக்கு முன் அவன் ஒரு காரியம் செய்திருந்தான். ஆபீசில் கேட்டு, ஒன்பதிலிருந்து ஐந்து வரை உதிரிபாகப் பிரிவில் உட்காரும் வேலைக்கு மாற்றிக்கொண்டான். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் சேர்க்கைப் படிவத்தை வாங்கி, எல்லாவற்றையும் நிரப்பி, நாலாக மடித்துப் பையின் உள்ளறையில் வைத்திருந்தான். கொடுக்கக் கடைசி நாள், இந்தப் பயணம் முடிந்து ஊர் திரும்பும் நாளுக்கு மறுநாள். பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மாமனார் மாமியாரிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. மூன்று ஞாயிறு அதைச் சொல்லப் போய், மூன்று ஞாயிறும் மென்று விழுங்கிவிட்டு வந்தான்.

பயணத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். பத்து நாள் இருக்கிறதே.

இந்தப் பயணமே சின்னவளின் ஏற்பாடு. தென்கிழக்கே கடல் தாண்டி ஒரு நாடு. நம்மூரில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்கு ரெண்டு நாள் போய்வரும் செலவில் பத்து நாள் சுற்றிவிட்டு வரலாம் என்று போனைக் காட்டிக் காட்டியே அப்பாவை விழ வைத்தாள். டெய்லரம்மா மட்டும் கடைசிவரை நம்பவில்லை. "இவ்வளவு மலிவா இருக்குன்னா அந்த ஊர்ல ஏதோ கோளாறு இருக்குடி" என்றாள். சொன்ன கையோடு, தைக்கக் கொடுக்க வந்த அத்தனை பேரிடமும் "ஃபாரின் போறோம், திரும்பி வந்துதான் ஜாக்கெட்" என்று சொல்லி வைத்தாள்.

முதல் ஊரில் அவர்கள் தங்கிய ஹோட்டல் நிமிர்த்தி வைத்த தீப்பெட்டி மாதிரி இருந்தது. இரண்டு ஆள் அகலம், ஐந்து மாடி உயரம். வரவேற்பு மேஜையில் ஒரு மீன்தொட்டி. அதற்குப் பின்னால் ஒரு பெண், மீன் மாதிரியே வாயைத் திறந்து மூடி ஏதோ கேட்டாள். எத்தனை பேர் என்று கேட்கிறாள் எனக் கண்டக்டருக்குப் புரிந்துவிட்டது. ஆள் எண்ணிக்கையை எந்த மொழியில் கேட்டாலும் அவருக்குப் புரியும். ஒரு கையை விரித்து, இன்னொரு கையில் ஒரு விரலை நீட்டினார்.

அறைக்கு ஆறு துண்டு வந்தது. ஆறு ஜோடி ரப்பர் செருப்பு. ஆறு தண்ணீர் பாட்டில்.

சின்னவள் எண்ணிப் பார்த்தாள். "அப்பா, நாம அஞ்சு பேரு."

"ஆமா, ஆமா" என்றார் கண்டக்டர். "கடைசி நம்பர் வாயில வந்துடுது."

 டெய்லரம்மா அந்த ஆறாவது துண்டை எடுத்து ஈரத்துணிகளைச் சுற்றி வைத்தாள். பிறகு தன் பெட்டியிலிருந்து கொடிக்கயிற்றை எடுத்து, ஜன்னல் கம்பிக்கும் அலமாரிக் கைப்பிடிக்கும் நடுவில் கட்டினாள். ஊர் ஊராக அவள் செய்த முதல் வேலை அதுதான். இரண்டாவது வேலை திரைச்சீலையின் ஓரத்தைப் பிரித்துப் பார்ப்பது. "நூலை மிச்சம் பிடிச்சிருக்கான். ரெண்டு தடவை தோய்ச்சா கந்தலாகும்" என்பாள்.

லிஃப்டுக்குள் தகட்டில் ஆறு மனித உருவம் வரைந்து எடை போட்டிருந்தது. "நமக்குன்னே பண்ணி வச்சிருக்கான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டுக் கண்டக்டர் ஐந்தாவது மாடி வரைக்கும் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை கதவின் சத்தத்தைக் கேட்டான். உருளையில் எண்ணெய் இல்லை. மறுநாள் காலை மீன்தொட்டிப் பெண்ணிடம் கை ஜாடையில் கேட்டு எண்ணெய் வாங்கி, வாண்டுவை டார்ச் பிடிக்கச் சொல்லி, அதைச் சரிசெய்தான். கதவு சத்தமில்லாமல் மூடியது. வாண்டு பன்னிரண்டு தடவை மேலும் கீழும் போய்வந்தது. யாராவது ஏறினால், "எங்கப்பா ரிப்பேர் பண்ணது" என்று தமிழிலேயே சொன்னது. ஏறியவர்களும் தலையாட்டினார்கள்.

மாற்றச் சொல்லிச் சின்னவள் எவ்வளவுதான் சண்டை போட்டாலும் கண்டக்டருக்கு ஐந்து வாயில் வரவில்லை. இரண்டாவது ஊருக்குப் போகும் வேன்காரர், இவர் காட்டிய விரல்களை நம்பி, எல்லோரும் ஏறிய பிறகும் கிளம்பாமல் கதவைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்தார். கால் மணி நேரம். சின்னவள் இறங்கிப் போய் ஐந்து விரலைக் காட்டினாள். அவர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் பழக்க தோஷத்தில் ஆறு காட்டினார்.

"அப்பா!"

"சரி சரி. ஏன் கத்துற? வேன்காரர் நல்ல மனுஷன். ஆள் வராம எடுக்கமாட்டேங்கறார் பாரு. இப்படித்தான் இருக்கணும்."

அந்த வேனில்தான் மாப்பிள்ளை முதல் முயற்சி செய்தான். மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தான்.

"சொல்லுங்க மாப்ளே."

அந்த நேரம் பார்த்து ஒரு டவுன் பஸ் இவர்களை ஒட்டி வந்தது. படியில் ஒரு பெண் கண்டக்டர். நம் கண்டக்டர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிவிட்டார். "பாருங்க மாப்ளே! நோட்டை விரலுக்கு நடுவுல எப்படி மடிச்சு வச்சிருக்கா! அதே மாதிரி! அதே மாதிரி! இது யாருங்க இவளுக்குச் சொல்லிக் கொடுத்தது?" விசிலை எடுத்து ஒன்று ஊதினார். அந்தப் பெண் திரும்பி, தன் விசிலை எடுத்துப் பதில் ஊதினாள். கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளிக்கூடப் பேச்சு அந்த விசிலோடு போயிற்று.

இரண்டாவது முயற்சி மாமியாரிடம். தையல் கடைகளாகவே இருந்த ஒரு தெருவில், அவள் ஒரு கடைக்குள் எட்டிப் பார்த்து, அங்கிருந்த பெண் நூல் அறுந்து அறுந்து தவிப்பதைக் கண்டு, கேட்காமலே உள்ளே போய், மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஒரு திருகைத் திருகினாள். கீழ்நூல் பெட்டியைக் கழற்றி ஊதினாள். காலால் அழுத்தினாள். மிஷின் குதிரை மாதிரி ஓடியது. கடைக்காரி கைதட்டி, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, தன் அம்மாவையும் பக்கத்துக் கடைக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினாள். மாப்பிள்ளை வாசலில் நின்று, "அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"இருங்க மாப்பிள்ளை, இந்தப் பொண்ணு காலர் வெட்டுறதைப் பாருங்க. கண்ணால பார்க்க முடியல" என்று அவள் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள். அன்று மூன்று காலர் வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

இப்படியே ஆறு நாள் போனது. படிவம் பையிலேயே இருந்தது. மடிப்பு மட்டும் தேய்ந்துகொண்டு வந்தது.

ஏழாம் நாள் தீவுக்குப் போனார்கள். நாற்பது பேர் கொள்ளும் படகு. ஏறும் இடத்தில் ஒரு பெண், பரீட்சை அட்டையில் தாளைச் செருகி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் எத்தனை பேர் என்று எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கினாள். சின்னவள் வாண்டுவின் மூக்கில் வெயில் கிரீம் தடவிக்கொண்டிருந்தாள். அதனால் பார்க்கவில்லை. கண்டக்டர் தாளை வாங்கி, 6 என்று அழகாக எழுதி, தமிழில் கையெழுத்துப் போட்டு, அடியில் கோடும் இழுத்தார். அந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் படகுக்கு ஓடினார்கள். அட்டைக்காரியும் அட்டையைத் தலையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். யாரும் தலை எண்ணவில்லை.

தீவில் வெயில் அடித்தது. வாண்டு கடலுக்குள் இடுப்பளவில் நின்றது. டெய்லரம்மா இரண்டு தென்னைக்கு நடுவில் கொடிக்கயிறு கட்டினாள். கண்டக்டர் அட்டைக்காரிக்குப் பக்கத்தில் போய் நின்று, அவள் தாளில் எப்படிக் கட்டம் போட்டிருக்கிறாள் என்று தொழில் முறையில் பார்வையிட்டார். நல்ல நாள்.

மாலை நாலு மணிக்குப் படகு கிளம்ப வேண்டும். அதற்குள் கிளம்பாவிட்டால் தண்ணீர் வற்றி, படகு மணலில் உட்கார்ந்துவிடும். எல்லோரும் ஏறினார்கள். அட்டைக்காரி ஒவ்வொரு தலையாகப் பேனாவால் தொட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். தாளைப் பார்த்தாள். நேராகக் கண்டக்டரிடம் வந்து, தாளில் அவர் எழுதிய 6-ஐக் காட்டி, பிறகு குடும்பத்தைக் காட்டி ஐந்து விரலை நீட்டினாள்.

ஒரு ஆள் குறைகிறது. இதைக் கேட்டதும் கண்டக்டரின் உடம்பு தானாக எழுந்து நின்றது. விசிலை எடுத்தார். நீளமாக ஒன்று.

"ஒண்ணு!"

"ரெண்டு" என்றாள் டெய்லரம்மா, என்ன நடக்கிறது என்று தெரியாமலே.

இடைவெளி.

"நாலு... அப்பா, இருங்க—"

"அஞ்சு."

"ஆறு!"

அட்டைக்காரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எண்ணிக்கை அவள் தொழில். ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டே விரலை மடக்கி வந்தவள், இடைவெளியில் மடக்காமல் நிறுத்திய விரலைத் தூக்கிப் பிடித்தாள். மூன்றாவது. மூன்றாவது ஆள் எங்கே?

கண்டக்டர் படகிலிருந்து இறங்கினார். அவர் யோசித்து இறங்கவில்லை. கால் இறங்கியது. கணுக்கால் தண்ணீரில் நாலு எட்டு நடந்து, மணலுக்குப் போய், தென்னைகளின் பக்கம் பார்த்து, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்தார். கூப்பிடப் போனவர் அப்படியே நின்றார். பிறகு கையைக் கீழே விட்டார்.

அதற்குள் காரியம் கை மீறிவிட்டது. படகோட்டி ஹாரன் அடித்தார். இரண்டு பேர் கழிப்பறைப் பக்கம் ஓடினார்கள். மொட்டைத்தலையும் ஆறடி உயரமுமாக ஒரு வெள்ளைக்காரப் பயணி சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் குதித்தார். அட்டைக்காரி வாண்டுவின் முன்னால் குனிந்து, மூன்று விரலைக் காட்டி, 'யார்?' என்பது போல் கையை விரித்தாள்.

வாண்டு அப்பாவின் போனை அவன் மடியிலிருந்து எடுத்து, முகப்புப் படத்தைக் காட்டியது. "மூணு எங்கம்மா" என்றது.

படத்தில் பெரியவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டு நிற்கிறாள். வாயில் இரண்டு கிளிப். சிரித்தால் கிளிப் விழுந்துவிடும் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

அட்டைக்காரி போனை வாங்கிக்கொண்டு கரைக்கு ஓடினாள். போன் கை மாறியது. தண்ணீர் விற்பவன் பார்த்தான். நாற்காலி வாடகைக்கு விடுகிற அம்மாள் பார்த்து, இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினாள். மொட்டைத்தலைக்காரர் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து, படத்தை நன்றாகப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடலைப் பார்த்தார். முகம் தெரியாத இருபது பேர் அந்தக் கரையில் மாப்பிள்ளையின் மனைவியைத் தேடினார்கள். மும்முரமாகத் தேடினார்கள்.

"அத்தான்" என்றாள் சின்னவள்.  "யாராவது சொல்லணும், அத்தான்."

அந்த வாக்கியத்தை அவன் எந்த மொழியிலும் சொன்னதில்லை. அவனுக்கு டாக்டர் சொன்னார். ஊருக்கெல்லாம் மாமனார் போன் போட்டுச் சொன்னார். ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் சொல்லி வைத்திருந்தார். வாண்டுவிடம் சொன்னதுகூட டெய்லரம்மாதான். அவனுக்குச் சொல்ல வேண்டி வரவே இல்லை.

இறங்கினான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அட்டைக்காரியிடம் போய்ப் போனைக் கேட்டு வாங்கினான். தெரிந்த இங்கிலீஷில் மூன்று வார்த்தை. என் மனைவி இறந்துவிட்டாள். அவளுக்குப் புரிந்ததா என்று சந்தேகமாக இருந்தது. அதனால் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். பிறகு தண்ணீர் விற்பவனிடம் சொன்னான். மொட்டைத்தலைக்காரரிடமும் சொன்னான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுலபமாக இருந்தது. மொட்டைத்தலைக்காரர் அவன் தோளில் ஈரக்கையை வைத்து எடுத்துக்கொண்டார்.

அட்டைக்காரி அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அட்டையை எடுத்தாள். 6-ஐ ஒரே கோட்டில் அடித்தாள். பக்கத்தில் 5 என்று எழுதினாள். அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்து வேண்டும். தாளையும் பேனாவையும் கண்டக்டரிடம் நீட்டினாள்.

கண்டக்டருக்கு இது புரியாதா? வாழ்நாள் முழுக்க அப்படித்தான் திருத்தினார். திருத்தம் இருந்தால் கையெழுத்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாள் செல்லாது. பேனாவை வாங்கினார். 5-க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பேனா அங்கேயே நின்றது. ஒரு நிமிஷம் நின்றது.

"மாப்ளே" என்றார், தாளைப் பார்த்துக்கொண்டே. "நீங்க போட்டுடுங்க."

மாப்பிள்ளை வாங்கினான். கையெழுத்துப் போட்டான். கட்டத்துக்குள் அடங்கவில்லை, கொஞ்சம் வெளியே போனது.

படகு நகர மறுத்தது. அடி மணலைத் தொட்டுவிட்டிருந்தது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். "ஏலேலோ" என்று கண்டக்டர் ஆரம்பிக்க, மொட்டைத்தலைக்காரர் அதையே திருப்பிச் சொல்லித் தள்ளினார். நாலாவது தள்ளில் படகு மிதந்தது. எல்லோரும் தொற்றி ஏறினார்கள். கண்டக்டர் தன்னையறியாமல் இரட்டை விசில் கொடுத்தார். அதைக் கேட்டதும் படகோட்டி என்ஜினை முடுக்கினார். படகு முழுக்கக் கைதட்டியது. கண்டக்டர் எழுந்து நின்று கும்பிட்டார்.

கரை சின்னதானதும் வாண்டு கேட்டது. "தாத்தா, அப்போ நான் இனிமே அஞ்சா?"

கேட்டுவிட்டு, அதுவே விரல் விட்டுப் பார்த்தது.

"நான் ஆறுதான் இருப்பேன். அஞ்சு அப்பா."

கண்டக்டர் மூக்கைச் சிந்தினார். "ஆறுதான். யாரு மாத்தப் போறா? நம்பர் வேற, தலை வேற. ஆறாம் நம்பர் பஸ்ஸுன்னா ஆறு பஸ்ஸா ஓடுது?"

"இதை மொதல் நாளே யோசிச்சிருந்தா அந்த வேன்காரர் கால் மணி நேரம் வெயில்ல நின்னிருக்கமாட்டாரு" என்றாள் சின்னவள்.

"ஊரு தலையெல்லாம் எண்ணுன மனுஷன்" என்று டெய்லரம்மா ஆரம்பித்தாள். பாதியிலேயே சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி சிரித்தாள்.

இப்போது இல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. பெரிய வாக்கியம் ஒன்றைச் சொல்லியாகிவிட்டது. இது சின்னதுதானே.

"மாமா. வாண்டுவ நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஸ்கூல் பார்த்துட்டேன். ஃபாரம் பையில இருக்கு."



"மூணாம் நாளே பார்த்துட்டேன்" என்றாள் டெய்லரம்மா. "சாக்ஸ் தேடறப்போ."

"பார்த்துட்டு ஏன் அத்தை சொல்லல?"

"நீங்க ஏன் மாப்பிள்ளை சொல்லல?"

"எனக்கு அம்மா சொல்லிட்டா" என்றாள் சின்னவள்.

"எனக்கு சித்தி சொல்லிட்டாங்க" என்றது வாண்டு. "அந்த ஸ்கூல்ல ஊஞ்சல் இருக்காமே?"

கண்டக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "அப்போ எனக்கு மட்டும்தான் தெரியாதா? ஏழு நாளா ஒரே கூரைக்கு அடியில தூங்குறோம்!"

"நீங்க ஜன்னலுக்கு வெளிய விசில் ஊதிட்டிருந்தீங்க" என்றாள் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்தார்.  மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வாண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஆட்டிய கால் அவன் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது.

"காலையில யாரு எழுப்புவா?" என்றார் கண்டக்டர்.

"நான்தான் மாமா."

"சாப்பாடு?"

"சமைக்கிறேன். சுமாரா இருக்கும்."

"ராத்திரி எவனாவது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டுப் போன் பண்ணா?"

"அந்த வேலையை விட்டாச்சு. இப்போ ஒன்பதுல இருந்து அஞ்சு. மூணு மாசமாச்சு."

இது கண்டக்டருக்குப் புதுச் செய்தி.  பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அங்க யாரு எண்ணுவா?"

"நான் எண்ணுறேன் மாமா."

"ரெண்டு பேர்தானே. அதுல என்ன எண்ணுறது?"

"ரெண்டு பேர்னாலும் எண்ணுவேன்."

கண்டக்டர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டினார். "ஞாயித்துக்கிழமை எங்களுக்கு" என்றார்.

"சனியும்" என்றாள் டெய்லரம்மா உடனே.

"சரி அத்தை. சனியும்."

"பரீட்சை லீவும் சேர்த்து" என்றாள் சின்னவள்.

"ஏய், நீ எந்தப் பக்கம்?" என்றான் மாப்பிள்ளை. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் இப்படி ஒருத்தரைக் கிண்டல் செய்து ஒன்றரை வருஷமாகியிருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை.

"தாத்தா, அப்போ விசில் எனக்குத்தானே? அங்க எண்ணணும்ல?" என்று வாண்டு கையை நீட்டியது.

கண்டக்டர் சட்டைப் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க மாப்ளே. விசிலை மட்டும் கேக்காதீங்க."

டெய்லரம்மா இதற்குள் கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துவிட்டாள். "எழுந்து நில்லுடி. நேரா நில்லு. அந்த ஸ்கூல் யூனிஃபார்ம் நான் பார்த்திருக்கேன், கடையில தைக்கிறவன் காலரைக் கோணலா வெட்டுறான். நானே தைக்கிறேன். கையைத் தூக்கு." படகு ஆடியது. நாடாவும் ஆடியது. "தோள் பதினொண்ணு. சின்னவளே, எழுதிக்கோ. உயரம் ரெண்டு இஞ்ச் கூட வைக்கிறேன், வளர்ற பிள்ளை." அட்டைக்காரி எட்டிப் பார்த்து, தன் பேனாவைக் கொடுத்தாள். சின்னவள் கையிலேயே எழுதிக்கொண்டாள்.

துறையில் இறங்கியதும் நீள விசில். ஒண்ணு. ரெண்டு. ஒரு மூச்சு. நாலு. அஞ்சு. ஆறு. அட்டைக்காரி ஓரமாக நின்று ஐந்து விரலை மடக்கி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

அன்று மாலை புது ஹோட்டல். மரப்படிக்கட்டு, லிஃப்ட் இல்லை. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் எத்தனை பேர் என்று ஜாடை காட்டினார். குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கண்டக்டர் ஒரு கையைத் தூக்கினார். ஐந்து விரல். இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அறைக்குப் போனால் கட்டிலில் ஆறு துண்டு மடித்து வைத்திருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலப்பா!" என்றார் கண்டக்டர்.

"புக் பண்ணப்போ நான்தான் ஆறுன்னு அடிச்சிருக்கேன் போலிருக்கு" என்றாள் சின்னவள், போனைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டே. "குடுங்க, சாப்பிடக் கீழ போறப்போ திருப்பிக் குடுத்துடுறேன்."

மாப்பிள்ளை வாண்டுவைக் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு வந்தான். கடல் உப்பு போக இரண்டு தடவை தலைக்கு ஊற்றியிருந்தான். இடுப்பு வரைக்கும் இருந்த முடியிலிருந்து தரையெல்லாம் தண்ணீர். அது அம்மாவின் முடி. ஒரு துண்டில் துவட்டினான். துண்டு நனைந்து தொங்கியது. முடி அப்படியே இருந்தது.

"அந்தத் துண்டைக் கொண்டா" என்றான் சின்னவளிடம். "இந்தத் தலைக்கு ரெண்டு வேணும்."